வீடு நிறைய ஆட்கள் இருந்தும் ஏன் இந்தத் தனிமை?

சகோதரருக்கு வணக்கம். குழந்தை பிறந்து ஏழு வாரங்களாகியும் மனைவி அடிக்கடி அழுகிறார், குழந்தை உறங்கும்போதும் அவருக்கு உறக்கம் வருவதில்லை, உதவிக்கு வீடு நிறைய ஆட்கள் இருந்தும் தனியாக இருப்பதாகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். பிரசவத்துக்குப் பின் பல தாய்மார்களுக்கு வரும் மனத்தளர்ச்சி பெரும்பாலும் 2 வாரங்களுக்குள் தணிந்துவிடும். அதைத் தாண்டியும் நீடிப்பதால், இது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கக்கூடும் என்று கருதி, இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ அளவுகோலின் 10 கேள்விகளை அவர் கேட்கலாம். தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது கடைசிக் கேள்வி. அப்படியொரு எண்ணத்தை மனைவி உங்களிடமே வெளிப்படுத்தினால், ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் எடுத்துக்கொள்ளத்தக்க மருந்துகள் உண்டு என்பதால், மருந்து குழந்தையைப் பாதிக்குமோ என்ற அச்சம் உங்களைத் தடுக்க வேண்டியதில்லை.

என் தங்கைக்கு இந்நிலை வந்தபோது, வந்தவர்கள் எல்லோரும் குழந்தையை வாங்கிக் கொஞ்சினார்களே தவிர, காலையில் அவள் ஊற்றிவைத்த தேநீர் ஆடை படிந்து மாலைவரை மேசையிலேயே இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. குழந்தைக்குக் கிடைக்கும் கவனிப்பு வேறு, தாய்க்குக் கிடைக்கும் ஆதரவு வேறு. இரவில் சில மணி நேரமாவது அவர் இடையறாது உறங்க வழிசெய்யுங்கள்; அறிவுரை கூறாமல் அவர் பேசுவதைக் கேளுங்கள். "நல்ல தாய் இப்படி அழமாட்டாள்" என்பவர்களை, நெருங்கிய உறவினரே ஆனாலும், சிறிது காலம் விலக்கி வைப்பது உங்கள் பொறுப்பு என்றே நான் கருதுகிறேன்.