கடையில் மினுமினுக்கும் தையல் நூல், போட்டோவில் மட்டும் ஏன் செத்துப் போகிறது?

வேலூர் லாங்கு பஜார் பக்கம் தையல் சாமான் கடைகளில் கண்ணைப் பறிக்கிற நூல்கண்டுகள், போனில் எடுத்தால் தட்டையாக வருகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். போன் மேல் தப்பில்லை, வெளிச்சம்தான் காரணம்.

நூலின் அழகில் பாதி நிறம், மீதி மினுமினுப்பு. பருத்தி நூலை இழுத்துப் பிடித்தபடி காஸ்டிக் சோடா கரைசலில் நனைத்தால் இழை உப்பி உருண்டு, ஒளியைச் சீராகத் திருப்பும். கண்டின் மேல் 'மெர்சரைஸ்டு' என்று போட்டிருப்பது இதைத்தான். காஸ்டிக் சோடாவில் நனைக்கும் வழியைக் கண்டுபிடித்த ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயரின் பெயரிலிருந்து வந்த சொல் அது. எம்பிராய்டரிக்கான விஸ்கோஸ் (ரேயான்) நூல் இன்னும் பளபளக்கும்.

நேரே ஃபிளாஷ் அடித்தால் இந்த மினுமினுப்பு வெள்ளைத் திட்டாகிவிடும். கடை ட்யூப்லைட்டும் வெயிலும் கலந்தால் நிறம் குழம்பும். அதனால் கண்டுகளை வீட்டு ஜன்னலோரம் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெளிச்சக் கோடு, ஒரு நிழல் கோடு விழும்.

சிவப்புதான் தொல்லை பிடித்தது. கேமராவில் ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரில் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, இழையே தெரியாமல் பூசியது போலாகும். திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இருபது நிறங்களை வரிசையாக அடுக்காதீர்கள், அது கடை விளம்பரம். ஆம்பூரில் ஷூ தைக்கிற தடித்த நைலான் நூல் ஒரே ஒரு கண்டு கிடைத்தாலும் போதும், முறுக்கு அப்படியே தெரியும்.