சார்ட்டில் டாக்டர் 'ஸ்ட்ரெஸ்' என்று எழுதியிருந்தால் எஃப்43.0 (அக்யூட் ஸ்ட்ரெஸ் ரியாக்‌ஷன், அதாவது திடீர் அதிர்ச்சியால் வரும் மனப் பாதிப்புக்கான கோட்) போடலாமா?

போடக்கூடாது. நீங்க மெடிக்கல் கோடிங்ல, அதாவது டாக்டர் எழுதின நோய்க்கு அமெரிக்க ஐசிடி-10-சிஎம் கோட் போடுற வேலைல புதுசு, அவுட்பேஷன்ட் (அட்மிட் ஆகாத பேஷன்ட்) சார்ட் பாக்குறீங்கன்னு நெனச்சு சொல்றேன். வெறும் 'ஸ்ட்ரெஸ்'னு இருந்தா கோட் புக் இண்டெக்ஸ் நம்மள இசட்73.3க்குத்தான் கொண்டு போகும், வேலையால வந்த ஸ்ட்ரெஸ்னா இசட்56 பக்கம் பாக்கணும். எஃப்43.0க்கு 'அக்யூட் ஸ்ட்ரெஸ் ரியாக்‌ஷன்'னு டாக்டரே எழுதியிருக்கணும். பேஷன்ட் அழுதாரு, அப்ப அதுவாத்தான் இருக்கும்னு முடிவு பண்ண நாம யாரு?

சென்னைல ஒரு கம்பெனில அமெரிக்க எமர்ஜென்சி சார்ட் பண்ணிட்டிருந்தேன். ஒரு கார் ஆக்சிடென்ட் கேஸ், பெரிசா அடி இல்ல, நெஞ்சு மட்டும் படபடன்னு அடிக்குது. அசெஸ்மென்ட்ல 'பால்பிடேஷன்ஸ், லைக்லி அக்யூட் ஸ்ட்ரெஸ் ரியாக்‌ஷன்'. அந்த 'லைக்லி' இருக்கே, அதான் வினை. அவுட்பேஷன்ட்ல ப்ராபபிள், சஸ்பெக்டட், லைக்லி எதையும் உறுதியான நோயா கோட் பண்ணக்கூடாது, ஐசிடி-10-சிஎம் கைட்லைன் நாலாவது செக்‌ஷன் ஹெச்ல தெளிவா இருக்கு. அதனால படபடப்புக்கான ஆர்00.2 போட்டு, ஆக்சிடென்ட்டுக்கான கோடையும் சேர்த்து அனுப்பிட்டேன். நாம போட்ட கோடை சரிபாக்குற ஆடிட்டர் 'டயக்னோசிஸ் மிஸ்ஸிங்'னு எரர் குத்திட்டாரு! கேட்டா இன்பேஷன்ட் ரூலைக் காட்டுறாரு, அட்மிட் ஆன கேஸ்ல டிஸ்சார்ஜ் அப்ப 'லைக்லி'ன்னு இருந்தா கோட் பண்ணலாம், அது வேற கதை. ரீபட்டல் (எரர் தப்புன்னு மறுப்பு) போட்டு, டீம் லீட் வரைக்கும் போய், எரரை எடுத்தாங்க, ஆனா அதுக்குள்ள அந்த மாச இன்சென்டிவ் போயிருச்சு, அதை மட்டும் யாரும் திருப்பித் தரல.

சைக்கியாட்ரி சார்ட் பண்றவங்க சண்டைக்கு வராதீங்க, உங்க கதையும் தெரியும். பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் நீடிக்கிற மனப் பாதிப்பு)ன்னு மட்டும் இருந்தா எஃப்43.10 தான், எத்தனை மாசம் ஆச்சுன்னு நாமளே கணக்குப் போட்டு 43.12 க்ரானிக் ஆக்கக்கூடாது. எஃப்43.8ஐயும் மொட்டையா விடாதீங்க, 2022 அக்டோபர்ல இருந்து 43.81 (நீடிச்ச துக்கம்), 43.89 (மத்தது)னு பிரிஞ்சிருச்சு. சந்தேகம்னா டாக்டர்கிட்ட விளக்கம் கேட்டு க்வெரி போடுங்க, 'இது அக்யூட் ஸ்ட்ரெஸ் ரியாக்‌ஷன்தானே டாக்டர்'னு பதிலை நாமளே ஊட்டி விடுற மாதிரி இல்லாம.

இதெல்லாம் சொல்லித்தர வேண்டியது கோச்சிங் சென்டர்காரங்க. ஆயிரக்கணக்குல ஃபீஸ் வாங்கிட்டு 'கீவேர்டைப் பாரு, கோடைப் போடு'ன்னு அனுப்பிடுறாங்க. அங்கருந்து வர்ற புள்ளைங்க மைக்ரோபயாலஜி, நர்சிங் படிச்சதுங்க, ஏன்னு கேட்டா நல்லாவே புரிஞ்சுக்கும், ஆனா கேள்வி கேட்டாலே ப்ளேஸ்மென்ட் லிஸ்ட்ல பேரு கீழ போயிடும்.