பரிசோதனை முடிவுகள் இயல்பு. உடல் மட்டும் ஏன் படுத்துகிறது?

கேள்வி: எனக்கு 39 வயது. நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து செய்யும் வேலை. சில மாதங்களாகக் கழுத்து வலி, நெஞ்செரிச்சல், அவ்வப்போது படபடப்பு. இரவு பதினொரு மணிக்குப் படுத்தாலும் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் இயல்பு. "டென்ஷனைக் குறையுங்கள்" என்கிறார் மருத்துவர். மனக்கவலை உடலில் இப்படியெல்லாம் காட்டுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: காட்டும். முடிவுகள் இயல்பாக இருப்பதால் உங்கள் வலி கற்பனையாகிவிடாது. நெருக்கடி என்று மூளை கருதியதும், சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் நொடிகளில் அட்ரினலினையும், சில நிமிடங்களில் கார்டிசாலையும் கூடுதலாகச் சுரக்கின்றன. அதனால் இதயத் துடிப்பு விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. ஆபத்து கடந்ததும் அடங்கவேண்டிய இந்த ஏற்பாடு, முடியாத வேலையும் ஓயாத கைபேசியும் இருக்கும்போது அடங்குவதேயில்லை.

மூன்று மணி விழிப்புக்கும் காரணம் உண்டு. ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பகுதி இரவின் முற்பாதியிலேயே முடிந்துவிடுகிறது. நள்ளிரவை ஒட்டி மிகக் குறைந்திருக்கும் கார்டிசால், விடியலை நோக்கி ஏறத் தொடங்குகிறது. அந்நேரத்தில் சிறு விழிப்பு எல்லோருக்கும் வருவதுதான். மணியைப் பார்த்து, 'இன்னும் மூன்று மணி நேரம்தான்' என்று கணக்குப் போடத் தொடங்கும்போதுதான் அது தூக்கமின்மையாகிறது.

ஆயினும், எதற்கெடுத்தாலும் டென்ஷன் என்று முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரைப்பைப் புண்ணுக்கு நெடுங்காலம் மன அழுத்தத்தையே குற்றம் சாட்டினோம்; பெரும்பாலான புண்களுக்குப் பின்னால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இருப்பதைக் காட்டிய பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். எனவே, தைராய்டு அளவும் ஹீமோகுளோபினும் பார்க்கப்பட்டனவா என்று கேளுங்கள். நடக்கும்போது நெஞ்சு வலி, மயக்கம், காரணமின்றி எடை குறைதல், விழுங்குவதில் சிரமம், கறுப்பு மலம், கை மரத்துப்போதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் மறுபடி மருத்துவரைப் பாருங்கள்.

தொடங்கவேண்டிய இடம் தூக்கம். அதிலும், படுக்கும் நேரத்தை விட எழும் நேரம் முக்கியம். விடுமுறை நாளிலும் ஒரே நேரத்தில் எழுந்து, வெளிச்சத்தில் சற்று நடங்கள். இரவு தூக்கம் கெட்டதற்கு ஈடாக மறுநாள் முன்னதாகப் படுக்கப் போகாதீர்கள். புரண்டு கிடக்கும் நேரம்தான் கூடும். உடலில் உள்ள கஃபைன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரமாகும் என்பதால், மாலை ஐந்து மணிக் காபியின் பாதி இரவு பத்து மணிக்கும் உங்களுக்குள் இருக்கும். படபடப்பிலும் அதற்குப் பங்கிருக்கலாம். நண்பகலோடு நிறுத்திப் பாருங்கள். மது தூக்கம் வரவழைப்பதுபோல் தோன்றினாலும் பின்னிரவைக் கெடுத்துவிடும்.

கடிகாரத்தைக் கண்ணில் படாமல் திருப்பி வையுங்கள். விழித்து இருபது நிமிடம் ஆனதாகத் தோன்றினால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் எதையாவது வாசித்துவிட்டு, கண் சொக்கும்போது படுங்கள். மறுநாள் வேலைகளை மாலையிலேயே தாளில் எழுதிவிட்டால், மூன்று மணிக்கு மனம் அவற்றை ஒப்பிப்பது குறையும். நெஞ்செரிச்சலுக்கு, உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி. கழுத்துக்கு, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தோளைத் தளர்த்துதல். வாரம் 150 நிமிட விரைவு நடை இரண்டுக்கும் துணைசெய்யும்.

வேலைப் பளுவே மூலகாரணமென்றால் மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. எதை ஒத்திப்போடலாம் என்று மேலதிகாரியிடம் பேசத்தான் வேண்டும். மூன்று மாதம் கடந்தும் தூக்கம் சீராகாவிட்டால், மாத்திரைக்கு முன் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றுவிக்கும் CBT-I) கேட்டுப் பெறுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமின்றி மனம் சோர்ந்தே இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் அன்றைக்கே.