தோட்டா வீணாகாமல் இருக்க

கேள்வி: ராணுவத்தில் இருக்கும் என் தம்பி, தோட்டா வீணாவதைக் குறைக்க ஒரு யோசனை சொல்கிறான். சுடுதளத்துக்குப் போகுமுன் வெறும் துப்பாக்கியில் விசை பழக வேண்டுமாம். ஒருமுறை விசையை இழுத்தால் மூன்று தோட்டாவோடு நின்றுவிடும் துப்பாக்கி இருக்கிறதே, அது போதாதா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: போதாது, தம்பி சொல்வதே சரி. வியட்நாம் போரில் தோட்டாக்களை வாரி இறைத்ததால்தான், 1980களில் அமெரிக்கா தன் ராணுவத்தின் எம்16ஏ2 துப்பாக்கியில் ஒரு இழுப்புக்கு மூன்றுக்கு மேல் போகாதபடி தடை வைத்தது. நம் நாட்டு இன்சாஸ் துப்பாக்கியிலும் அது உண்டு. ஆனால் அது தோட்டாவை எண்ணுமே தவிர, குறியைத் திருத்தாது. எம்16ஏ2-வில் இரண்டு வெடித்ததும் விரலை எடுத்தால், அடுத்த இழுப்பில் ஒன்றுதான் வெடிக்கும்.

தம்பியின் யோசனை இப்படி: மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யவேண்டும். குழல்மேல் இன்னொருவர் ஒரு நாணயத்தை வைப்பார். விசை இழுக்கும்போது அது விழுந்தால், விரல் வெடுக்கென்று இழுக்கிறது என்று பொருள். விழாமல் இழுக்கப் பழகும்வரை தோட்டா தரவே கூடாது.

அடுத்து, ஒரே புள்ளிக்கு மூன்று தோட்டாவை ஒவ்வொன்றாகச் சுடவேண்டும். சிதறி விழுந்தால் கோளாறு கையில். அப்போது துப்பாக்கியின் குறிபார்க்கும் அமைப்பைத் திருகினால் இன்னும் பல தோட்டா பாழ். மூன்றும் நெருங்கி விழுந்து, மையத்தை விட்டுத் தள்ளியிருந்தால் மட்டுமே அந்த அமைப்பை நகர்த்தலாம்.