விடியற்காலையில் செல்ஃப் எடுக்காத பிக்கப்: கடைசி கிளிப்பை எங்கே மாட்டுவது?

வட்டவடையிலிருந்து மூணாறுக்குக் கேரட்டும் பூண்டும் ஏற்றிப் போகும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை நாலு மணிக்கு என் டீசல் பிக்கப் செல்ஃப் எடுப்பதில்லை. டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது. பக்கத்து வீட்டு ஜீப்பிலிருந்து வயர் போட்டபோது பேட்டரிக்கு மேலேயே தீப்பொறி பறந்தது. 'வயரெல்லாம் எதுக்கு, இறக்கத்துல உருட்டி விடு' என்கிறார் மச்சான். காய் ஏற்ற வரும் லாரியிலிருந்து கரண்ட் எடுக்கலாமா?"

லாரி வேண்டாம். பெரிய லாரிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டில் ஓட்டுகிறார்கள். அதை உங்கள் 12 வோல்ட் வண்டியில் கொடுத்தால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசிஎம் போய்விடும், பேட்டரியே வெடிக்கவும் கூடும். "இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் போதும்" என்று சொல்லும் டிரைவர்கள் உண்டு. இருட்டில் ஒரு கிளிப் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

மச்சான் சொல்வது பழைய ஜீப்புக்குப் பொருந்தும். அதில் டீசல் பம்ப் மெக்கானிக்கல். சக்கரம் சுற்றினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். இன்றைய காமன் ரெயில் டீசலில், அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் டீசல் இன்ஜினில், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறக்கவே கரண்ட் வேண்டும். பேட்டரி முழுக்க இறங்கியிருந்தால் எத்தனை தூரம் உருட்டினாலும் பிடிக்காது. அதற்குள் நீங்கள் லோடோடு வளைவில் இருப்பீர்கள். இன்ஜின் ஓடாதபோது மிதிக்கும் பலத்தைக் கூட்டித்தரும் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருப்பது ஓரிரண்டு மிதிக்குத்தான். அப்புறம் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் கனத்துப்போகும். மலைச்சாலையில் இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

அந்தத் தீப்பொறிதான் நான் பயப்படும் இடம். சார்ஜ் ஆகும்போது லெட் ஆசிட் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். கடைசியாக மாட்டும் கிளிப்பில் பொறி வருவது இயல்பு. அதனால் அந்தப் பொறி பேட்டரிக்குத் தள்ளி வர வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு வண்டியின் பாடியும் ஒன்றோடொன்று தொடாமல் நிறுத்துங்கள். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள். செல்போன் டார்ச் போதும். தீக்குச்சி, பீடி பக்கத்தில் கூடாது. வயரின் நிறத்தை நம்பாமல் பேட்டரியில் பொறித்திருக்கும் பிளஸ், மைனஸ் குறியைப் பாருங்கள். உப்பியோ விரிசல் விட்டோ இருந்தால் அந்தப் பேட்டரியைத் தொடவே வேண்டாம்.

சிவப்புக் கிளிப்பை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். மறுமுனையை ஜீப் பேட்டரியின் பிளஸ்ஸில். பிறகு கறுப்பு, ஜீப் பேட்டரியின் மைனஸ்ஸில். கடைசிக் கறுப்புக் கிளிப் உங்கள் பேட்டரிக்குப் போகக்கூடாது. இன்ஜினிலேயே பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரி, டீசல் குழாய், ஃபேன் பெல்ட் மூன்றையும் விட்டுத் தள்ளி மாட்டுங்கள். ஜீப்பை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு உங்கள் சாவியைப் போட்டு, டேஷ்போர்டில் ஹீட்டர் சுருள் விளக்கு அணையும்வரை பொறுத்து, பத்து விநாடிக்கு மேல் போகாமல் செல்ஃப் அடியுங்கள். பிடிக்கவில்லையென்றால் ஒரு நிமிடமாவது செல்ஃப் மோட்டார் ஆறட்டும். பிடித்ததும் மாட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்றுங்கள், இன்ஜினில் மாட்டிய கறுப்பு முதலில். ஆசிட் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி.

கடையில் தொங்கும் மலிவு கேபிளில் பல, மேலுறை தடிமனாகவும் உள்ளே கம்பி மெலிதாகவும் இருக்கும். டீசலுக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கேட்டு வாங்குங்கள்.

ஆனால் தினமும் வயர் போட்டு ஓட்டுவது மருந்தில்லாமல் காய்ச்சலைத் தள்ளிப்போடுவது மாதிரி. குளிரில் பேட்டரியின் வலு குறையும், இன்ஜின் ஆயிலும் கெட்டியாகும். ஏற்கெனவே தேய்ந்த பேட்டரி அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். முதலில் பேட்டரியில் வயர் மாட்டியிருக்கும் டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள். லூஸாக இருந்தாலும் இதே டிக் டிக் வரும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மைனஸ்ஸை முதலில் கழற்றி, ஆப்ப சோடா கலந்த வெந்நீரில் கழுவித் துடையுங்கள். திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசி.

பிறகு வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 13-க்குக் கீழேயே நின்றால், புது பேட்டரிக்குப் பணம் எடுக்கும் முன் மெக்கானிக்கிடம் பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவையும் (ஆல்டர்னேட்டர்) பெல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புதியதும் சில நாளில் இறங்கிவிடும்.