ஷாங்கின் தொலைபேசி எண்

அன்புள்ள சார்,

'அரைவல்' படத்தை மறுபடி பார்த்தேன். முதல் தடவை கண்கலங்கியதில் தெரியாத ஓட்டைகள் இந்தத் தடவை தெரிந்தன. வேற்றுக்கிரகத்து ஏழுகால் ஜீவிகளின் மொழியைக் கற்றதால் எதிர்காலம் தெரியவரும் மொழியியலாளர் லூயீஸ், சீனத் தளபதி ஷாங்குக்குப் போன் செய்து போரை நிறுத்துகிறாள். அவருடைய எண் அவளுக்கு எப்படிக் கிடைத்தது? 18 மாதம் கழித்து ஒரு விருந்தில் அவரே காட்டப்போகிறார். ஏன் காட்டுகிறார்? அவள் போன் செய்ததால். இது சுற்றிக்கொண்டே இருக்கிறதே தவிர, எங்கே தொடங்குகிறது? அப்புறம், மகள் சின்ன வயதில் இறந்துபோவாள் என்று தெரிந்தே பெற்றுக்கொள்கிறாள். மாற்ற முடியும் என்றால் ஏன் மாற்றவில்லை? முடியாது என்றால் அவள் வெறும் பொம்மைதானே? 'டெனெட்' படத்தில் வருவதுபோல 'நடந்தது நடந்ததுதான்' என்று வசனம் வைத்துவிட்டு இயக்குநர்கள் நழுவிவிடுகிறார்கள் என்கிறான் என் நண்பன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த விருந்துக் காட்சியில் ஓட்டை இருக்கிறது. ஆனால் எண்ணில் இல்லை.

எண்ணை முதலில் பார்ப்போம். ஷாங்கின் போனுக்கு யாரோ ஒதுக்கிக் கொடுத்த எண் அது. போனில் லூயீஸ் திருப்பிச் சொல்லும் வார்த்தைகள் அவருடைய மனைவி சாகும்போது சொன்னவை. இரண்டுக்கும் பிறப்பிடம் இருக்கிறது. அவள் கைக்கு வந்து சேர்ந்த வழிதான் விசித்திரம். பிறப்பிடமே இல்லாத தகவல் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் 'டெர்மினேட்டர்' வரிசைக்குப் போங்கள். 1984இல் வந்த முதல் படத்தின் முடிவில் எதிர்காலத்து இயந்திரம் நசுங்கிப்போகிறது. அதன் சிப்பும் கையும் மிஞ்சுகின்றன. 1991இல் வந்த இரண்டாம் படத்தில் மைல்ஸ் டைசன் என்கிற பொறியாளர் அவற்றை வைத்துத்தான் புதிய சிப்பை உருவாக்கிக்கொண்டிருக்கிறார். பின்னால் அந்த இயந்திரங்கள் பிறப்பதும் அந்தச் சிப்பிலிருந்துதான். அப்படியானால் அந்த வடிவமைப்பை யோசித்தது யார்? யாருமே இல்லை. நீங்கள் கேட்ட கேள்வி முழுசாகப் பொருந்துவது அங்கேதான்.

அதுகூட முரண் ஆகாது என்று 1976இல் காலப்பயணம் பற்றிய ஒரு கட்டுரையில் தத்துவவாதி டேவிட் லூயிஸ் வாதாடினார். அப்படிப்பட்ட வட்டத்துக்கு விளக்கம் கிடைக்காது, விசித்திரமாகவும் இருக்கும், ஆனால் நடக்கவே முடியாதது என்று சொல்வதற்கில்லை என்பது அவர் கட்சி. பிரபஞ்சம் ஏன் இருக்கிறது என்பதற்கும் நம்மிடம் விளக்கம் இல்லையே.

'அரைவல்' படத்தில் உண்மையிலேயே சந்தேகப்பட வேண்டிய வட்டம் இன்னொன்று உண்டு. அந்த வேற்றுக்கிரக மொழியைப் பற்றித் தான் பின்னால் எழுதப்போகும் புத்தகத்தையும் நடத்தப்போகும் வகுப்பையும் லூயீஸ் முன்கூட்டியே காண்கிறாள். அந்த மொழியறிவில் எவ்வளவு அவள் உழைத்துப் பெற்றது, எவ்வளவு தன் புத்தகத்திலிருந்தே எடுத்தது? நீங்கள் இதைக் கேட்டிருந்தால் எனக்குத் திணறலாக இருந்திருக்கும்.

சரி, விருந்துக்கு வருவோம். நீங்கள் என் சொந்த எண்ணுக்கு அழைத்தீர்களே என்கிறார் ஷாங். உங்கள் எண் எனக்குத் தெரியாதே என்கிறாள் லூயீஸ். எனக்கு உறுத்துவது இந்த இடம். அன்றைய லூயீஸுக்கு அந்த அழைப்பு இறந்தகாலம். ஒரு போரை நிறுத்திய போன் அழைப்பை 18 மாதத்தில் யார் மறப்பார்கள்? எதிர்காலம் தெரிவதை ஒப்புக்கொண்டுதான் படம் பார்க்க உட்கார்ந்தோம். அதற்காகக் கடந்தகாலம் ஏன் அழிய வேண்டும்? 'இன்றைய' லூயீஸின் மனசு அங்கே போய்வருகிறது என்று ரசிகர்கள் சமாதானம் சொல்வார்கள். அப்படியென்றால் அந்த நாளின் லூயீஸ் அந்த நேரத்தில் எங்கே போனாள்?

இதற்கான விடை மூலக்கதையிலேயே இருக்கிறது. டெட் சியாங் 1998இல் வெளியிட்ட 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்' குறுநாவலில், எதிர்காலம் தெரிந்தவர்கள் பேசுவது சடங்கில் பேசுவதைப் போன்றது. தாலி கட்டப்போவது மண்டபத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பதற்காக யாரும் அதைக் கட்டாமல் விடுவதில்லை. கட்டினால்தான் கல்யாணம். அதுபோல, பதில் தெரிந்தும் தன் பங்கு வசனத்தை லூயீஸ் சொல்வதாக எடுத்திருந்தால் காட்சி நேராகிவிட்டிருக்கும். ஆனால் லூயீஸாக நடிக்கும் ஏமி ஆடம்ஸின் முகத்தில் தெரிவது நிஜமான குழப்பம். போன் அழைப்பு பலிக்குமா என்ற படபடப்பு இயக்குநர் டெனி வில்நோவுக்குத் தேவைப்பட்டது, அதற்குத் தர்க்கத்தை விலையாகக் கொடுத்தார். திரையரங்கில் யாருக்கும் அது தோன்றவில்லை என்பதால் லாபமான வியாபாரம்தான்.

பொம்மை விஷயம் இதைவிடப் பழையது. ஒருவர் நடந்து போவதை நான் பார்க்கிறேன் என்றால், என் பார்வை அவரை நடக்க வைக்கவில்லை. கடவுளும் அப்படித்தான் எல்லாக் காலத்தையும் நிகழ்காலம்போலப் பார்க்கிறார், அதனால் மனிதனின் சுதந்திரம் கெட்டுவிடாது என்று ஆறாம் நூற்றாண்டில் சிறையில் இருந்தபடி தத்துவவாதி போயித்தியஸ் எழுதினார். அழகான வாதம். ஆனால் அவருடைய கடவுள் பார்த்ததை அந்த ஆளிடம் போய்ச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்? நாளைக் காலை நீ காபி குடிப்பாய் என்று என்னிடம் உறுதியாகச் சொன்னால், வீம்புக்காவது டீ போடச் சொல்வேன். இந்த வீம்புக்காரன்தான் முன்னறிவுக் கதைகள் எல்லாவற்றுக்கும் எமன். முரண் வராமல் இருக்க, அவன் முயற்சி ஒவ்வொரு தடவையும் ஏதாவது சில்லறைக் காரணத்தால் தோற்க வேண்டும். கால் வழுக்கும், துப்பாக்கி சுடாது, பால் தீர்ந்துபோயிருக்கும். தர்க்கப்படி இதில் தவறில்லை. ஆனால் மூன்றாவது தடவை வழுக்கும்போது பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள்.

அதனால் இந்த வகைக் கதை நிற்பது பாத்திரத் தேர்வில்தான். தனக்குத் தெரிந்த எதிர்காலத்தோடு மல்லுக்கட்ட விரும்பாத ஆளை எழுத்தாளர் தேட வேண்டும். நம் பாரதக் கதையில் சகாதேவன் அப்படிப்பட்டவன். எதிரி துரியோதனனே வந்து களப்பலிக்கு நாள் கேட்டபோது, அது தன் பக்கத்துக்குக் கேடு என்று தெரிந்தும் சரியான நாளையே குறித்துக் கொடுத்தான். பொய் சொல்ல வாயிருந்தது. அவன் இயல்பில் அது இல்லை. லூயீஸுக்கும் அந்தக் குழந்தை வேண்டும், அதனோடு கிடைக்கும் வருஷங்கள் வேண்டும். அவள் எதைத் தேர்ந்தெடுப்பாளோ அதைத்தான் முன்னால் காண்கிறாள். இதில் நூலைப் பிடித்து ஆட்டுகிறவர் யாரும் இல்லை. கணவனிடம் முன்னாலேயே சொல்லாமல் மறைத்தது நியாயமா என்று கேட்டால் நான் உங்கள் பக்கம். ஆனால் அது தர்க்கக் குற்றம் ஆகாது, வேறு வகைக் குற்றம்.

இந்த இடத்தில் படம் கதையைவிட ஒரு படி பின்வாங்கிவிட்டது என்பது என் எண்ணம். கதையில் மகள் 25 வயதில் மலையேறும்போது விழுந்து இறக்கிறாள். படத்தில் பதின்வயதில் தீராத நோயால் சாகிறாள். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். நோயைத் தாயால் தடுக்க முடியாது, பெறுவதா வேண்டாமா என்ற ஒரே கேள்வியோடு போய்விடும். மலை விஷயம் அப்படி இல்லை. இன்றைக்குப் போகாதே என்ற ஒரு வார்த்தை போதுமே, ஏன் சொல்லவில்லை? உங்கள் இரண்டாவது கேள்வி கதையில்தான் முழுக் கொடூரத்தோடு இருக்கிறது. சியாங் அதை நேராகவே எதிர்கொள்கிறார்.

அதற்காக அவர் ஃபெர்மாவின் ஒளிவிதியைக் கொண்டுவருகிறார். காற்றிலிருந்து தண்ணீருக்குள் போகும் ஒளி வளைகிறது. ஏன்? தண்ணீரில் வேகம் குறைவதால் வளைகிறது என்று சொல்லலாம். மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் பாதையில் அது போகிறது என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே கணக்குதான். ஆனால் இரண்டாவது விதமாகச் சொன்னால், எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்று தெரிந்த பிறகே ஒளி கிளம்புவதுபோல் இருக்கிறது. மனிதர்கள் உலகத்தை முதல் விதமாகப் பார்க்கிறார்கள், அந்த ஏழுகால் ஜீவிகள் இரண்டாவது விதமாக. இரண்டாவது பார்வைக்குப் பழகிய தாய்க்கு 'இன்றைக்குப் போகாதே' என்பது மனசில் எழக்கூடிய வாக்கியமே இல்லை. ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம். படத்தில் இந்தப் பகுதியே கிடையாது. அதனால்தான் உங்களுக்கு லூயீஸ் பொம்மையாகத் தெரிகிறாள் என்று சந்தேகிக்கிறேன்.

உங்கள் நண்பருக்கும் ஒரு வார்த்தை. 'டெனெட்' படத்தின் அந்த வசனத்தை அவர் நழுவல் என்கிறார். இயற்பியலாளர்கள் அதை நேர்மையாகவே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பில்லியர்ட்ஸ் பந்து புழுத்துளைக்குள், அதாவது வேறொரு இடத்துக்கும் நேரத்துக்கும் போகும் குறுக்குவழிக்குள், நுழைந்து, சற்று முந்தைய நேரத்தில் வெளியே வந்து, துளையை நோக்கி வந்துகொண்டிருக்கும் தன்னையே மோதித் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று ஜோசப் போல்ச்சின்ஸ்கி கேட்டார். கிப் தார்னும் அவருடைய மாணவர்கள் இருவரும் கணக்குப் போட்டார்கள். பந்து கொஞ்சம் கோணலாக வெளியே வந்து தன்னை லேசாக உரசுகிறது, அந்த உரசலால்தான் கோணலாக உள்ளே போகிறது, அதனால்தான் கோணலாக வெளியே வருகிறது. முரண் இல்லை. இப்படிப்பட்ட விடைகள் ஒன்றல்ல, எண்ணற்றவை கிடைத்தன.

'மைனாரிட்டி ரிப்போர்ட்' படத்தை அவரோடு சேர்ந்து பாருங்கள். உருண்டுவரும் பந்தை ஒருவர் பிடித்துவிடுகிறார். நீ பிடித்ததால் அது விழ இருந்தது பொய்யாகிவிடாது என்கிறார் டாம் குரூஸ். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பிடிக்கக்கூடிய பந்தைப் பற்றி நமக்கு இருப்பது கணிப்பு மட்டும். கணிப்பை அறிவு என்று சொல்லிக்கொண்டு ஒரு போலீஸ் துறை ஆட்களை உள்ளே தள்ளுகிறது, படத்தின் கதையே அதுதான். அதனால் அதன்மேலும் எனக்குப் புகார் இல்லை. கோபத்தைக் காட்ட ஒரு இடம் வேண்டுமென்றால், 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தில், மகன் கடந்தகாலத்துக்குப் போய்ப் பெற்றோரின் சந்திப்பைக் கெடுத்ததால், அண்ணன் தலையில் தொடங்கி ஒவ்வொருவராக மங்கும் அந்தக் குடும்பப் புகைப்படம் இருக்கிறது. எந்தக் கடிகாரத்தின்படி அது மங்குகிறது என்று நண்பரைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை தடவை பார்த்தும் எனக்கு விளங்கவில்லை, ஒவ்வொரு தடவையும் நகத்தைக் கடித்துக்கொண்டுதான் பார்க்கிறேன்.