ஆறாம் வகுப்புக்குப் போகமாட்டேன் என்கிறாள்

திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் உள்ளூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் 5-ம் வகுப்பு முடிக்கப்போகிறாள். பள்ளி மொத்தத்துக்கும் இருபது சொச்சம் பிள்ளைகள், இரண்டு டீச்சர். ஜூனில் டவுனில் இருக்கும் அரசு மேல்நிலைப்பள்ளிக்கு பஸ்ஸில் போக வேண்டும். "பேச்செடுத்தாலே வயிறு வலிக்குதுன்னு படுத்துக்கிறா. தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பா, வகுத்தல் வராது. கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில போட்டுடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். ஜூனுக்குள்ள நான் என்ன செய்யணும்?"

வீட்டுக்காரர் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதை முடிவு செய்யாமல் மற்றது எதையும் செய்ய முடியாது. தமிழ்நாட்டில் 6-ம் வகுப்பு என்பது அரசுச் சலுகைகளின் கணக்கு தொடங்கும் வகுப்பு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, அதற்கு அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கு நீட்டித்த அதே ஒதுக்கீடு, கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், எல்லாமே '6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்' என்ற விதியின் மேல்தான் நிற்கின்றன. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் புதுமைப் பெண்ணில் பிறகு சேர்த்தார்கள், 7.5-ல் அவர்கள் கிடையாது. இரண்டு வருடம் தனியாரில் படித்துப் பார்த்துவிட்டு 8-ல் திரும்பி வரலாம் என்று நினைப்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. இன்னொன்று, தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டத்தின்படி கிடைக்கும் 25 சதவீத இலவச இடம் எல்.கே.ஜி. மாதிரியான நுழைவு வகுப்புக்கு மட்டும்தான். 6-ல் போனால் முழுக் கட்டணமும் உங்கள் தலையில்.

காசு இருந்தாலும் உங்கள் மகளுக்கு நான் தனியாரைச் சொல்லமாட்டேன். தமிழையே கூட்டிப் படிக்கிற பிள்ளையை முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் உட்காரவைத்தால், பார்த்து எழுதப் பழகுவாள், கையெழுத்து அழகாகும், புரிவது நின்றுபோகும். இதே காரணத்துக்காகத்தான் சொல்கிறேன், டவுன் அரசுப் பள்ளியில் சேர்க்கும்போது 'தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமா' என்று கேட்பார்கள், அப்போது பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து இங்கிலீஷ் மீடியம் என்று சொல்லிவிடாதீர்கள். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு உள்ள 20 சதவீத முன்னுரிமை, 1-ம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்திருந்தால்தான் என்று 2020-லேயே திருத்திவிட்டார்கள். ஐந்து வருடம் ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதை ஏன் விட வேண்டும்?

அடுத்தது காகித வேலை. மாற்றுச் சான்றிதழ், நாம் டி.சி. என்கிறோமே, அதைத் தருவதற்கு முன்பே தலைமையாசிரியரிடம் போய்ப் பள்ளிப் பதிவேட்டிலும் கணினிப் பதிவிலும், அதான் எமிஸ், பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு மூன்றிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்க வேண்டும். 'சு' என்று ஒரு இடத்தில், 'ஷு' என்று இன்னொரு இடத்தில் இருந்தால் இப்போதே சரிசெய்யச் சொல்லுங்கள். 10-ம் வகுப்பு மார்க் ஷீட் அச்சாகி வந்தபிறகு ஒரு எழுத்தை மாற்றுவதற்கு எத்தனை அலுவலகம் ஏற வேண்டியிருக்கும் என்று அனுபவப்பட்ட யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். டி.சி. கிடைக்கத் தாமதமானால் பதற வேண்டாம். அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவே சொல்கிறது. நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்ப்பதும் கூடாது.

சரி, பிள்ளைக்கு வருவோம்.

இதுவரை அவளுக்கு ஒரே டீச்சர். காலையில் முகம் வாடியிருந்தால் 'ஏண்டி, சாப்பிடலையா?' என்று கேட்பவர் அவர், கணக்கு சொல்லித்தருபவரும் அவர். 6-ல் பாடத்துக்கு ஒரு ஆசிரியர், மணி அடித்தால் ஒருவர் போவார், இன்னொருவர் வருவார். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஒரு கணக்கு போட்டதும் நோட்டைத் தூக்கிக்கொண்டு டீச்சர் மேசைக்கு ஓடுவார்கள், டிக் வாங்கிக்கொண்டு சிரித்தபடி வருவார்கள். 6-ம் வகுப்பில் முதல் வாரம் இதையே செய்யும்போது 'உட்காரு, நானே வருவேன்' என்று ஒரு வார்த்தை வரும். ஆசிரியர் கோபத்தில் சொல்வதில்லை, ஐம்பது பேர் ஓடி வந்தால் அவரும்தான் என்ன செய்வார்! ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு நோட்டையே காட்டாமல் ஒடுங்கிவிடும் பிள்ளைகள் வகுப்புக்கு நாலைந்து பேர் இருப்பார்கள். ஆறாம் வகுப்பு ஆசிரியருக்குச் சேட்டை செய்கிற பிள்ளை முதல் வாரமே தெரிந்துவிடும், நன்றாகப் படிக்கிற பிள்ளை இரண்டாவது வாரம் தெரியும், நடுவில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அரையாண்டு வரைக்கும்கூடத் தெரியாமல் போகலாம். உங்கள் மகளுக்கு எனக்குத் தெரிந்த பெரிய ஆபத்து இதுதான். பாடம் கடினம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

அதனால் இந்த விடுமுறையில் அவள் பழக வேண்டிய முக்கியமான பாடம், தெரியாத பெரியவரிடம் வாய் திறந்து கேட்பது. ரேஷன் கடையில், தபால் ஆபீஸில், பஸ் கண்டக்டரிடம், நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு அவளைப் பேசவிடுங்கள். 'சார், இது புரியல, இன்னொரு தடவை சொல்றீங்களா?', 'மிஸ், பாத்ரூம் போகணும்' என்ற இரண்டு வாக்கியத்தையும் வீட்டில் விளையாட்டுபோல் சொல்லிப் பழக்குங்கள். நீங்கள் டீச்சராக நடியுங்கள், கொஞ்சம் முறைத்துக்கூடப் பாருங்கள், சிரித்துக்கொண்டே பழகிவிடுவாள்.

வாசிப்பையும் வகுத்தலையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஸ்மார்ட்ஃபோன், ஆப், ஸ்பெஷல் கிளாஸ் எதுவும் தேவையில்லை. அவளுடைய பழைய 3-ம், 4-ம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுங்கள், தினமும் அரைமணி நேரம் உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும், நீங்கள் சமைத்துக்கொண்டே கேட்டால் போதும். தடுமாறும் சொல்லை நீங்களே சொல்லிவிட்டு நகருங்கள், ஒவ்வொரு எழுத்திலும் நிறுத்தித் திருத்தினால் புத்தகத்தை மூடிவிடுவாள். 5-ம் வகுப்புப் புத்தகத்தில் தொடங்காதீர்கள், தோற்கிற இடத்தில் தொடங்கினால் யாருக்குமே பிடிக்காது. 6-ம் வகுப்பில் சிந்துவெளி நாகரிகம், மனிதப் பரிணாம வளர்ச்சி என்று பக்கம் பக்கமாக உரைநடை வரும், வாசிப்பு சரளமாக இல்லாத பிள்ளைக்கு வரலாறு, அறிவியல் இரண்டுமே அங்கேயே போய்விடும்.

வகுத்தல் வராது என்று எழுதியிருக்கிறீர்கள். எது வரவில்லை என்று பாருங்கள். 612-ஐ 6-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 12 என்று எழுதினால் அவளுக்கு வகுத்தல் தெரிகிறது, நடுவில் 1 வரும்போது 6 அதில் போகாது, அங்கே 0 போட வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை, விடை 102. இதை 612 ரூபாயை ஆறு பேருக்குப் பிரிப்பதாகச் சொன்னால், 'ஆளுக்கு 12 ரூபாய்தானா, மீதியெல்லாம் எங்க போச்சு?' என்று அவளே கேட்பாள். முதல் படியிலேயே நின்றுவிட்டால் வாய்ப்பாடு தெரியவில்லை என்று பொருள், அப்படியானால் வகுத்தலை விட்டுவிடுங்கள், மே மாதம் முழுக்க வாய்ப்பாடு மட்டும் போதும். 6-ம் வகுப்புக் கணக்கில் முதல் பருவத்திலேயே இயற்கணிதமும் விகிதமும் வந்துவிடும். விகிதத்துக்குப் பெருக்கலும் வகுத்தலும் கை வர வேண்டும், இயற்கணிதம் உண்மையில் புதிது என்பதால் எல்லோரும் ஒன்றாகத்தான் தொடங்குகிறார்கள், அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

புதுப் பள்ளியில் 'திறன்' என்று ஒரு வகுப்பில் தனியாக உட்கார வைத்தால் அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடிப்படை வாசிப்பும் கணக்கும் பிடிபடாத 6 முதல் 9 வரையுள்ள பிள்ளைகளுக்காக 2025-26-ல் அரசு தொடங்கிய திட்டம் அது. என் பிள்ளையை மக்கு என்று ஒதுக்குகிறார்களா என்று சண்டைக்குப் போகிற பெற்றோர் இருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு வேண்டியதே அதுதான்.

சாப்பாட்டு விஷயம் ஒன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியபோதே 1 முதல் 5-ம் வகுப்புக்கு என்றுதான் தொடங்கியது. 2023-லிருந்து உங்கள் ஊர்ப் பள்ளியில் பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டுப் பழகிய பிள்ளை, ஜூனில் ஏழரை பஸ்ஸைப் பிடிக்க வெறும் வயிற்றோடு ஓடினால் இரண்டாவது பீரியடிலேயே கண் சொருகும். மதியச் சத்துணவு 6-க்கும் உண்டு, காலைக்கு என்ன என்று பள்ளியில் கேளுங்கள், இல்லை என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். இரண்டு இட்லி இல்லாவிட்டால் பழைய சோறும் மோருமாவது உள்ளே போகட்டும்.

பஸ்ஸுக்கு, மே மாதக் கடைசியில் ஒருநாள் அவள் போகப்போகும் அதே நேரத்து அரசு டவுன் பஸ்ஸில் அவளோடு போய் வாருங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் உங்களுக்கும் செலவில்லை. எந்த ஸ்டாப், சாலையை எங்கே கடப்பது, பஸ்ஸை விட்டுவிட்டால் எந்தக் கடையில் நின்று யாருக்கு போன் செய்வது என்பதை இடத்திலேயே காட்டுங்கள். உங்கள் நம்பரை மனப்பாடமாகச் சொல்லத் தெரிய வேண்டும். பள்ளி வாசல், கழிப்பறை, தண்ணீர்க் குழாய் மூன்றையும் பார்த்துவிட்டாலே பாதிப் பயம் போய்விடும். ஊரிலிருந்து அவளோடு வேறு யார் அங்கே சேர்கிறார்கள் என்று கேட்டு, இருவரையும் ஒரே செக்ஷனில் போடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். சேர்க்கை அன்றைக்கே கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள், பெயர்ப் பட்டியல் போட்டபிறகு கேட்டால் முணுமுணுப்பார்கள்.

கழிப்பறையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, பெரிய பள்ளியில் கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காத பெண் பிள்ளைகள் நிறைய. சாயங்காலம் பாட்டில் எவ்வளவு காலியாகி வருகிறது என்று பாருங்கள். பத்து, பதினொரு வயது என்பதால் மாதவிலக்கைப் பற்றியும் இப்போதே பேசிவிடுங்கள், சடங்கு சமயத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட வேண்டாம். பையின் உள்பக்கம் ஒரு நாப்கின் இருக்கட்டும். அரசுப் பள்ளிகளில் இலவசமாகத் தருவதுண்டு, எந்த மிஸ்ஸிடம் கேட்பது என்று முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்.

பள்ளி திறந்து இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்தில், வேலைக்கு அரைநாள் லீவு போட்டாவது, வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். முதல் நாள் போகாதீர்கள், அன்றைக்கு அவருக்கு எதுவும் மனதில் நிற்காது. புகார் எதுவும் வேண்டாம். 'சார், இவ தமிழ் மெதுவா படிப்பா, வகுத்தல்ல தடுமாறுவா, கேள்வி கேட்டா தலையக் குனிஞ்சுக்குவா, ஆனா படம் நல்லா வரைவா' என்று சொன்னால் போதும். அவள் எதில் கெட்டியோ அதைக் கட்டாயம் சேர்த்துச் சொல்லுங்கள், ஆசிரியருக்குக் கூப்பிட ஒரு சாக்கு கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் 'இன்னிக்கு என்ன படிச்ச?' என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்றுதான் பதில் வரும். 'மத்தியானம் யார்கூட உக்காந்து சாப்பிட்ட?' என்று கேளுங்கள். ஒரு மாதம் ஆகியும் அந்தக் கேள்விக்கு ஒரு பெயர்கூட வரவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். காலாண்டில் மார்க் குறையும், அதற்குத் தயாராக இருங்கள், 8 வரை தமிழ்நாட்டில் ஃபெயில் போடுவதும் இல்லை. அந்த மார்க்கைப் பார்த்து டியூஷனில் தள்ளினால் பஸ், பள்ளி, டியூஷன் என்று இரவு எட்டு மணிக்குத்தான் வீடு வருவாள்.

வயிற்றுவலிக்கு 'நடிக்காதே' என்று மட்டும் சொல்லாதீர்கள், பயத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும். எது பயம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெரிய அக்காக்களா, அடிக்கிற சார் இருக்கிறார் என்று யாராவது சொன்னார்களா, பஸ்ஸா? அடிப்பது சட்டப்படி தடை, நடந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், பயனில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, அல்லது குழந்தைகள் உதவி எண் 1098. சனி, ஞாயிறு வலிக்காமல் திங்கள் காலையில் மட்டும் வலித்தால் பள்ளியில் ஏதோ இருக்கிறது என்று வகுப்பாசிரியரைப் பாருங்கள். லீவு நாளிலும் வலிக்கிறது, ராத்திரி எழுப்புகிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், பூச்சித் தொல்லையாகக்கூட இருக்கலாம்.